துருக்கித் தொப்பியும் ஏழு மாப்பிள்ளைகளும்

சூறாவளி அடித்து ஒரு மாதம் கழித்துத்தான் மீராசாஹிபு மரைக்காருக்கு நெற்றியில் தொழுகைத் தழும்பு வந்தது. இருபது வருடமாக அவர் அதற்காக ஏங்கியிருந்தார். சுஜூதில் நெற்றியைப் பாயில் அழுத்தி வைத்துப் பார்த்தார். மற்றவர்கள் எழும்பிய பிறகும் இரண்டு மூச்சுக் கூடுதலாகக் கிடந்து பார்த்தார். வரவில்லை. புளியடிப் பள்ளியின் நம்பிக்கையாளர் சபையில் அவருக்கு நேரெதிரே உட்காரும் அச்சிமுகம்மது மரைக்காருக்கோ அது பத்து வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. பேரீச்சங்கொட்டை அளவில், கறுப்பாக, நடு நெற்றியில் கிடந்தது. சபைக் கூட்டத்தில் தன் பக்கத்து நியாயம் இளைக்கும்போதெல்லாம் அச்சிமுகம்மது தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார். அதோடு வாதம் முடிந்துவிடும்.

எழுபத்தெட்டு நவம்பரில் வந்த காற்று ஊரில் பாதி ஓடுகளையும் முக்கால்வாசித் தென்னைகளையும் கொண்டுபோனது. மீராசாஹிபுவின் கூரையும் போயிற்று. பன்னிரண்டு நாள் அவர் நூற்றுச் சொச்சம் பேரோடு பள்ளி மண்டபத்தில் ஈரப் பாயில் படுத்தார். யாருடையதென்று தெரியாத தலையணையில் தலை வைத்தார். நனைந்த தொப்பியைக் கழற்றவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் வாழ்நாளில் தொழாத அளவு தொழுதார் என்பதும் உண்மை. ஆகவே மாதம் திரும்பியதும் தொப்பி விளிம்புக்குக் கீழே சிவந்த ஒரு வட்டத்தைக் கண்ணாடியில் கண்டபோது அவர் காரணம் தேடிக்கொண்டிருக்கவில்லை.

அச்சிமுகம்மதுவுடையது வெறும் கறுப்புப் பொட்டு. இதுவோ ஓரம் சிவந்து தடித்து, மெல்லிய வெள்ளைச் செதிலோடு, நடுவில் தெளிந்திருந்தது. வட்டம் கட்டிய நிலவு போலிருப்பதாக அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் கடித்தது. தொழுகையில் நிற்கும்போது, வேர்வை இறங்கும் நேரத்தில், இன்னும் கூடக் கடித்தது. அது ஷைத்தானின் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. தலைமயிருக்குள்ளும் இரண்டு மூன்று இடம் கடித்தது. அதற்கும் தழும்புக்கும் சம்பந்தமில்லை என்று அவரே தீர்மானித்திருந்தார். ஒன்று அல்லாஹ் கொடுத்தது, மற்றது வேர்வை.

அவருடைய மனைவி சல்மா உம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இஞ்சருங்க, இது வண்டுகடியாட்டம் கெடக்கே. வண்டுகொல்லி எலய அரச்சிப் பூசுறயா?"

படர்தாமரைக்கு அந்த ஊரில் வண்டுகடி என்று பேர். சேற்றில் நிற்கிறவனுக்கும் அழுக்குச் சாரன் உடுக்கிறவனுக்கும் வருவது. மீராசாஹிபு இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

*

மீராசாஹிபுவிடம் ஒரு துருக்கித் தொப்பி இருந்தது. ஐம்பத்து நாலில் அவருடைய கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து வந்தது. சிவப்புக் கம்பளி, கறுப்புக் குஞ்சம், உள்ளே சுற்றிலும் தோல் பட்டி. கழுவினால் வடிவம் போய்விடும் என்று கொண்டுவந்தவர் சொல்லியிருந்ததால் இருபத்தைந்து வருடமாக அதற்குத் தண்ணீர் காட்டாமல் அத்தர் மட்டும் பூசி வந்தார். சூறாவளியில் தகரப் பெட்டியோடு நனைந்தது. அப்போதும் பட்டியைத் துடைத்து, அத்தரைக் கூட்டிப் பூசி, பெட்டியை மூடினார்.

அந்தப் பக்கத்தில் எந்த மாப்பிள்ளை கேட்டாலும் தொப்பியைச் சும்மா கொடுப்பார். ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை நேரில் வரவேண்டும். அவனைப் பக்கத்தில் நிறுத்தி, மீராசாஹிபு முதலில் தன் தலையில் தொப்பியை வைத்து, கண்ணாடியைப் பார்த்து, மூன்று ஸலவாத்து ஓதி, அப்படியே கழற்றி அவன் தலையில் அமர்த்துவார்.

"எண்ட தலையில இரிக்கிற பறக்கத் ஒண்ட தலைக்கும் வரட்டும் மகன்."

வந்தது.

பெரும்போக அறுவடை முடிந்து, சூறாவளியால் தள்ளிப்போன கல்யாணங்களெல்லாம் மாசியிலும் பங்குனியிலும் வரிசையாக நடந்தன. ஆறு மாப்பிள்ளைகள் அந்தத் தொப்பியோடு ஊர்வலம் போனார்கள். மாலை அஸருக்குப் பிறகு வைத்த தொப்பியை இரவு இஷா தாண்டித்தான் கழற்றினார்கள். மூன்று கிழமை போனதும் ஒவ்வொருவனுடைய நெற்றியிலும், தொப்பி அமர்ந்த இடத்தில், ஒரு வட்டம் எழும்பியது.

தோணிக்கார முகைதீன்பாவாவின் மகனைத்தான் மீராசாஹிபு முதலில் கண்டுபிடித்தார். விடியலில் சுபஹுத் தொழுகைக்கு வந்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாத பொடியன் அவன். ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது கையைப் பிடித்து நிறுத்தி, பத்துப் பேருக்குக் கேட்க, "மாஷா அல்லாஹ்! இருவத்திநாலு வயசுல நெத்தியில தழும்பு! பாருங்க, பாருங்க!" என்றார். பொடியன் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் சுபஹுக்கு வந்தான். ஊர் பார்க்கும்போது வராமல் முடியுமா? மற்ற ஐந்து பேரும் அப்படியே வந்து சேர்ந்தார்கள். முதல் வரிசையில் இடம் நெருக்கடியாயிற்று. கத்தீப் தன்னுடைய குத்பாப் பிரசங்கத்தில், சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனாலும் வாலிபர்களை அல்லாஹ்வின் பக்கம் திருப்பிவிட்டது என்று சொன்னபோது மீராசாஹிபுவுக்குக் கண் கலங்கியது.

சபைக்குப் புதுத் தலைவரை ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தெரிவு செய்ய இருந்தார்கள். மீராசாஹிபுவா, அச்சிமுகம்மதுவா என்பதுதான் பேச்சு. இரண்டு நெற்றியிலும் தழும்பு இருந்ததால் இந்த முறை போட்டி சமமானது என்று தேத்தண்ணிக் கடைகளில் சொன்னார்கள்.

*

ஏழாவது மாப்பிள்ளை மீராசாஹிபுவின் சொந்த மருமகன். மகள் நபீலாவுக்கு வைகாசியில் காவின் எழுதிக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மசூர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் றுகையாவின் ஒரே மகன், கந்தோரில் எழுதுவினைஞர். கறுத்துச் சுருண்ட தலைமயிர். அதைச் சீவுவதற்கென்றே கால்சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தான். அவனுக்கு வைக்கும்போது மீராசாஹிபு மூன்று ஸலவாத்துக்குப் பதில் பதினொன்று ஓதினார். தொப்பி அவ்வளவு நேரம் அவர் தலையில் இருந்தது.

வழக்கப்படி மசூர் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தான். அவனுக்கும் நபீலாவுக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று. அடுப்படியில் அவள் சிரிப்பதும், அவன் பாத்திரம் எடுக்க வந்ததுபோல் உள்ளே போவதும், சல்மா உம்மா வேலை இருப்பதுபோல் வெளியே வருவதும் வழக்கமாயிற்று. நாலாம் கிழமை அவன் நெற்றியில் வட்டம் வந்தது. சுபஹு பாங்கு சொல்லும்போது மருமகன் குறட்டை விடுவதைக் கேட்டிருந்த மீராசாஹிபுவுக்குக் கொஞ்சம் குழப்பம்தான். யாருக்கும் தெரியாமல் நடுநிசியில் தஹஜ்ஜத் தொழுகிறான் போலிருக்கிறது, பணிவான பிள்ளை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு மசூரின் தலையணையில் மயிர் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. உச்சிக்குப் பக்கத்தில் ஐம்பது சதக் காசு அளவு வழுக்கை. முடி வெட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன் உம்மாவின் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

அடுத்த நாள் றுகையா வந்தாள். உள்ளே வரவில்லை. படலையில் நின்றபடியே தெருவுக்கெல்லாம் கேட்கக் கதைத்தாள்.

"மரைக்கார்! எண்ட புள்ள தலைநெறய மயிரோட ஒங்கட ஊட்டுக்கு வந்த. ஒரு மாசத்துல கோழி கொத்தின கீரப்பாத்தி மாதிரி ஆக்கிப்போட்டீங்களே!"

"உள்ளுக்கு வாங்க மச்சி," என்றாள் சல்மா உம்மா. "தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"தேத்தண்ணியா? அந்தக் கிணத்துத் தண்ணியிலயா? வேணாம்கா!"

"கிணத்துக்கு என்ன?"

"கிணறோ, தலையணையோ, ஒங்கட மகள்ட தலையோ, எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது, எண்ட ஊட்டுல இருவத்தாறு வருசமா வராத நோய் இஞ்ச வந்துதான் வந்த. சபையக் கூட்டுங்க. மருத்துவிச்சி நஸீறாவக் கூட்டிட்டு வாறன். அவ பொண்ணுட தலையப் பாக்கட்டும். பாத்த பொறகுதான் எண்ட மகன் வருவான். இல்லாட்டி வரமாட்டான்."

மீராசாஹிபு மறுநாளே கிணற்றை இறைக்க ஆள் பிடித்தார். சேறு எடுத்து, சுண்ணாம்பு போட்டு, மேலதிகமாக ஒரு போத்தல் கொண்டிஸ் மருந்தையும் கொட்டினார். மூன்று நாள் வீட்டார் ரோசாப்பூ நிறத் தண்ணீரில் குளித்தார்கள். தலையணைகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியபோது பஞ்சுப் புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சாரன்களையெல்லாம் கறுக்க வைத்தது. வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி நீலாவணைக்குப் போகும் லொறியில் ஏற்றிவிட்டார். பூனை வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. மசூர் வரவில்லை.

"நோயில்லாட்டி ஏன் கிணத்துக்கு மருந்து போட்ட?" என்று றுகையா இரண்டு தெருவிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். சபை புதன்கிழமை அஸருக்குப் பிறகு கூடுவதென்று முடிவாயிற்று.

*

தன் வீட்டில் நோயில்லை என்று ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது என்று நினைத்து, திங்கட்கிழமை மீராசாஹிபு கல்முனைப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள செல்லத்தம்பியின் டிஸ்பென்சரிக்குப் போனார். பாண்டிருப்பு ஆளான செல்லத்தம்பி முப்பது வருடம் அரசாங்க உத்தியோகத்தில் மருந்து கலந்துவிட்டு இப்போது சொந்தத்தில் நடத்துகிறவர். மீராசாஹிபுவின் வயதுதான். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வட்டையில் வயல்.

"என்ன துண்டு வேணும், மரைக்கார்?"

"எண்ட ஊட்டுல ஒரு நோயும் இல்ல எண்டு."

"ஊட்டுக்கு நான் எப்பிடி நாடி புடிக்கிற?"

"பகிடி உடாதீங்க டிஸ்பென்சர். மகள்ட வாழ்க்கை."

செல்லத்தம்பி பேனாவை மூடி வைத்தார்.

"தொப்பியக் கழட்டுங்க."

"எண்ட தலைக்கு என்ன?"

"படியேறினதில இருந்து மூணு தரம் சொறிஞ்சிபோட்டீங்க. எண்ணிக்கொண்டுதான் இருக்கன். கழட்டுங்க."

டோர்ச் வெளிச்சம் மண்டையில் ஊர்ந்தது. பூதக்கண்ணாடி வந்தது. காதை மடக்கிப் பார்த்தார். குனியச் சொல்லிப் பிடரியைப் பார்த்தார். கடைசியாக நெற்றி வட்டத்தைப் பஞ்சால் துடைத்தார். மருந்து பட்டு அது எரிந்தது.

"இது எப்ப வந்த?"

"அது வேற," என்றார் மீராசாஹிபு. "அது தொழுத தழும்பு."

செல்லத்தம்பி டோர்ச்சை அணைத்தார், மறுபடி ஏற்றினார்.

"ஒங்கட தொழுகையப் பத்திக் கதைக்க நான் ஆளில்ல. நெத்தி நிலத்தில படுற எடம் இதாக்கும்?" என்று நடு நெற்றியைத் தொட்டார். "இந்த வட்டம் அதுக்கு மேல, தொப்பி விளிம்புல கெடக்கு. இதப்போல ஒண்டு காதுக்குப் பின்னாலயும் இரிக்கி. அது எப்பிடி வந்த?"

மீராசாஹிபுவின் கை காதுக்குப் பின்னால் போனது.

"வண்டுகடி, மரைக்கார். தலைக்குள்ள மூணு, வெளியில ரெண்டு. நல்லா வளந்து கிடக்கு."

வெளியே அக்கரைப்பற்று பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. செல்லத்தம்பி கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசயம் செல்லுறன். ஆரு எவர் எண்டு கேக்காதீங்க. பங்குனியில இருந்து ஆறு புது மாப்புள என்னட்ட வந்த. ஆறு பேரும் பின் கதவால. ஆறு பேருக்கும் நெத்தியில இதே வட்டம். குடுத்த மருந்த ஒருத்தனும் ஒழுங்காப் பூசல்ல. ஆளுக்காள் செல்லுற கதையும் ஒண்டுதான். பொஞ்சாதி ஊட்டுத் தலையணையால வந்ததாம். ஆறு ஊடு, ஆறு கிணறு, ஆறு தலையணை. இது சீப்பால, தொப்பியால, ஒரு தலையில இருந்து இன்னொரு தலைக்குப் போற சாமான். ஆறு பேருக்கும் பொதுவா என்ன இரிக்கி எண்டு ரெண்டு மாசமா மண்டையப் போட்டு ஒடைக்கன்."

மீராசாஹிபுவின் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புக் குஞ்சம் மெல்ல ஆடியது. கண்ணாடிக்கு முன்னால் ஓதிய ஸலவாத்துகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மருமகனுக்குப் பதினொன்று.

"மறுகா?" என்றார் செல்லத்தம்பி அவர் முகத்தைப் பார்த்து. "ஏதும் தெரியுமோ?"

"மருந்து என்ன?"

"பூசுறதுக்கு இந்தக் களிம்பு. உள்ளுக்கு ஒரு குளிசை, ஆறு கிழமைக்கு. வெறும் வயித்துல எடுக்கப்படா. நெய், எருமத்தயிர், பொரிச்ச மீன், ஏதாவது கொழுப்போட போனாத்தான் ஒடம்புல ஒட்டும். தலையணை உறையை அவிச்சி எடுங்க. தொப்பி, சீப்பு ஒருத்தருட்ட இருந்து ஒருத்தருக்குப் போகப்படா."

"மருந்து செல்லுறீங்களா, விருந்து செல்லுறீங்களா?" என்றார் மீராசாஹிபு பழக்க தோசத்தில். பிறகு, "இத வெளியில செல்ல மாட்டீங்கதானே?" என்று கேட்டார்.

"நான் செல்ல மாட்டன்," என்றார் செல்லத்தம்பி. "துண்டும் தர மாட்டன்."

*

வீட்டுக்குப் போகும் வழியில் மீராசாஹிபுவின் மூளை நன்றாக வேலை செய்தது. நபீலாவின் தலையில் ஒன்றுமில்லை. நஸீறா பார்ப்பாள், ஒன்றுமில்லை என்பாள், றுகையா வாயை மூடுவாள், மசூர் வருவான். களிம்பை யாருக்கும் தெரியாமல் பூசலாம். வெள்ளிக்கிழமை தெரிவு முடியும் வரையாவது வட்டம் நெற்றியில் இருக்கட்டும். யாருக்கும் நட்டமில்லை. அச்சிமுகம்மதுவுக்கு மட்டும்தான்.

நபீலா அடுப்படியில் சூடை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் விசயத்தைச் சொன்னார். கத்தி நின்றது.

"பாக்கட்டும் வாப்பா. நல்லாப் பாக்கட்டும்," என்றாள். "ஒண்ணுமில்ல எண்டும் செல்லுவாங்க. ஆனா அதுக்குப் பொறகு அந்த மனிசன் இந்த வாசல்ல கால் வெக்க நான் உடமாட்டன்."

"என்ன புள்ள கதைக்காய்?"

"சபையில வச்சி எண்ட கொண்டைய அவுத்து, மாட்டுக்கு உண்ணி பாக்கிற மாதிரிப் பாத்திட்டு, சரி நல்ல மாடுதான் எண்டு வந்து என்னோட இருக்கிறதா? அப்பிடி ஒரு புருசன் எனக்கு வேணா. காவின அவரே எடுத்திட்டுப் போகட்டும்."

"நீ ஆசப்பட்டுத்தானே புள்ள..."

"ஆசப்பட்டதாலதான் செல்லுறன்." அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டி மினுங்கியது. மறுபடி கத்தியை எடுத்தவள், திடீரென்று மூக்கைச் சுருக்கினாள். "நீங்க ஏன் வாப்பா மருந்து மணக்கிறீங்க?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன."

"ம்," என்றாள் நபீலா. அவர் எழுந்து போகும்வரை அவர் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

புதன்கிழமை பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு மூலையில் வெள்ளைச் சீலை கட்டி மறைத்து, அதற்குப் பின்னால் பெண்கள். நபீலா, சல்மா உம்மா, றுகையா, மருத்துவிச்சி நஸீறா. முன்னால் மரைக்கார்மார். மசூர் தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு தூணோரம் யாரையும் பாராமல் இருந்தான். ஆறு மாப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஆறு பேரும் தொப்பியை இமைவரை இறக்கியிருந்தார்கள்.

அச்சிமுகம்மது தலைமை வகித்தார். அவர் குரலில் அன்று வழக்கத்துக்கு மீறிய இரக்கம்.

"நம்மட மரைக்கார்ட குடும்பத்துக்கு இப்பிடி ஒரு சோதன வந்ததில எல்லாரும் கவலப்படுறம். பொண்ணுட தலையில ஒண்ணும் இருக்காது, இன்ஷா அல்லாஹ். இருந்தாலும் மரைக்கார் கவலப்படப்படா. தலைவர் பதவி மாதிரி பெரிய சுமையெல்லாம் தூக்கி வைக்காம, அவர நாம ஆறுதலா இருக்க உடணும்." தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "நஸீறா, பாருங்க புள்ள."

சீலைக்குப் பின்னால் கொண்டை ஊசி ஒன்று பீங்கான் கோப்பையில் விழுந்தது. டிங் என்றது. மீராசாஹிபு மடியில் கையைக் கோத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் என்று நினைத்தார். இரண்டாவது ஊசி விழுந்தது. நெற்றி கடித்தது. சொறியவில்லை. நபீலாவின் கொண்டைக்கு ஐந்து ஊசி. சின்னப் பிள்ளையிலிருந்து அதே ஐந்துதான். காலையில் கண்ணாடிக்கு முன்னால் வாயில் கடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது விழுந்தது.

"நிப்பாட்டுங்க!"

தான்தான் கத்தினோம் என்பது அவருக்கு எழுந்து நின்ற பிறகே விளங்கியது.

"பாக்கிற எண்டா இதப் பாருங்க," என்று தொப்பியைக் கழற்றினார்.

சூறாவளிக்குப் பிறகு பள்ளியில் யாரும் அவர் தலையை வெறுமையாகக் கண்டதில்லை. களிம்பு பூசிய மூன்று வட்டம், வெள்ளையாக, மயிரில்லாமல் இருந்தன. முன் வரிசையிலிருந்தவர்கள் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"இது எண்ட தலை. இது வண்டுகடி. நெத்தியில இரிக்கிறதும் அதுதான், தழும்பு இல்ல. மருமகனுக்கு எண்ட துருக்கித் தொப்பியாலதான் போன. நான் போட்டுப் பாத்துத்தானே குடுக்கிற. எண்ட மகள்ட தலையில கை வெக்காதீங்க."

தூணோரம் இருந்த மசூர் தலையில் கட்டிய கைலேஞ்சியைத் தொட்டுப் பார்த்தான்.

"மரைக்கார், அவசரப்பட்டு வார்த்தைய உடாதீங்க," என்றார் அச்சிமுகம்மது. அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. "தொழுகைட அடையாளத்தப் போய் வண்டுகடி எண்டு..."

"டிஸ்பென்சர் பாத்த."

"செல்லத்தம்பிக்குத் தொழுகையப் பத்தி என்ன தெரியும்?"

"தொழுகையப் பத்தித் தெரியாதுதான். இதுக்கு மருந்து தெரியும்."

பின்னாலிருந்து முகைதீன்பாவா எழும்பினார். தன் மகனின் தொப்பியை ஒரே இழுப்பில் பிடுங்கினார். பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"யா றப்பே! சம்பந்திட ஊட்டுக் கிணத்துக்குள்ள நான் ஒரு மூடை உப்புக் கொட்டினேனே! அந்த மனிசன் ரெண்டு மாசமா என்னோட கதைக்கிறல்ல!"

"எங்கட ஊட்டுல மருமகளுக்குத் தலைய மொட்டையடிக்கச் சொன்னோமே," என்று இன்னொருவர் முனகினார். "நல்ல காலம், அவ மாட்டன் எண்டுட்டா."

ஆறு மாப்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டான். கத்தீப் தொண்டையைச் செருமினார். தன்னுடைய குத்பா அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சீலைக்குப் பின்னாலிருந்து றுகையாவின் குரல் கேட்டது. இந்த முறை அது கத்தலாக இருக்கவில்லை. கணக்கான குரல்.

"அப்ப மருந்து இரிக்கிதானே? நல்லதாப் போச்சி. மரைக்கார்மாரே, நான் ஒண்டு செல்லட்டா? நெத்தியில அடையாளம் உள்ள எல்லாரும் அந்த மருந்த ஆறு கிழமைக்குப் பூசுங்களன். அல்லாஹ் குடுத்தது மருந்துக்கு அழியவா போகுது? வண்டுகடி எண்டாத்தான் போகும். ஆருக்கு என்ன எண்டு தெரிஞ்சிடும்."

எல்லாருடைய கண்ணும் தலைமை வகித்தவர் இருந்த பக்கம் திரும்பியது. அச்சிமுகம்மதுவின் கை தானாக எழும்பித் தொப்பியைப் புருவம்வரை இழுத்து விட்டது.

"மஃரிப் தொழுகைக்கு நேரமாயிட்டு," என்றார். "கூட்டத்த முடிப்பம்."

மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை அச்சிமுகம்மது மரைக்கார் ஏகமனதாகத் தலைவராகத் தெரிவானார். வண்டுகடிக்காரனைத் தலைவராக வைக்க முடியாது என்பதில் சபைக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை. அவருடைய தழும்பில் யாரும் மருந்து பூசிப் பார்க்கவில்லை. பூசச் சொல்லவும் இல்லை. ஒருவருக்கும் அந்தளவு துணிவில்லை. ஆறு கிழமையில் ஆறு மாப்பிள்ளைகளின் நெற்றியும் சுத்தமாயிற்று. சுபஹுத் தொழுகையில் முதல் வரிசையிலும் ஆறு இடம் காலியாயிற்று.

தொப்பியை எரித்துவிடச் சொல்லியிருந்தார் செல்லத்தம்பி. மீராசாஹிபுவுக்கு மனம் வரவில்லை. கல்யாணச் சோறாக்கும் கிடாரத்தில் போட்டு அவித்தார். வெயிலில் காய்ந்து முடிந்தபோது கம்பளி சுருங்கி, ஒரு வயதுப் பிள்ளைக்குத்தான் அளவாயிருந்தது. குஞ்சம் மட்டும் பழைய நீளம். சல்மா உம்மா அதைத் துணியில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகும் சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் மகனின் கல்யாணத்துக்குத் தொப்பி கேட்டு வந்தார். கதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தாராம்.

"பறவாயில்ல மரைக்கார், நெத்தியில வாறதப் பத்தி நாங்க கவலப்படல்ல," என்றார். "பொடியன் பள்ளிப் பக்கமே போறான் இல்ல. ஒரு மாசத்துக்கு வந்தாலும் போதும்."

மசூர் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் வந்தான். நபீலா படலையைத் திறக்க அரை மணித்தியாலம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் தெருவில் போனவர்களெல்லாம் அவனிடம் சுகம் விசாரித்துவிட்டார்கள். பிறகு திறந்தாள். புதுத் தலையணை ஒன்றை அவன் கையில் கொடுத்து, "இது ஒங்கட. அடுத்தது எண்ட. மாத்திப் படுத்தா கொண்ணுபோடுவன்," என்றாள்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. வட்டங்களில் இரண்டு மீராசாஹிபுவின் பிடரிப் பக்கம் இருந்தன. மசூருக்கும் ஒன்று காதுக்குப் பின்னால். தன் பிடரியைத் தானே பார்த்து மருந்து பூச யாராலும் முடியாது. பெண்கள் பூசலாமென்றால், "நான் தொடமாட்டன், எனக்கும் தொத்தவா?" என்று நபீலா கையை விரித்துவிட்டாள். சல்மா உம்மாவோ, தான் அன்றைக்கே வண்டுகொல்லி சொன்னவள் என்பதை ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துவாள்.

அதனால் நோன்பு வரும்வரை தினமும் காலையில், கிணற்றடி வெயிலில், பலாக் குற்றி ஒன்றில் மாமனாரும் மருமகனும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். மாமனார் வரும்போது மருமகன் எழுந்து நிற்கும் ஊர் அது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் மொத்தமாகப் பத்து வார்த்தை கதைத்திருப்பார்கள். இப்போது மசூர் ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, களிம்பில் தோய்த்து, மாமனாரின் தலையைக் குனிய வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு முட்டி எருமைத்தயிரும் இரண்டு குளிசையும்.

"இன்னும் கொஞ்சம் மேல, மகன்," என்றார் மீராசாஹிபு.

"அங்க ஆறிட்டு, மாமா."

"கடிக்கிதே."

"அது பழக்கத்துல கடிக்கிது. கைய எடுங்க, சொறியாதீங்க."

மீராசாஹிபு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.